சுவர் எத்தனை படம் தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில்

உள்ளூர் ஓவியர்கள் சின்னக் கூடங்களில் நடத்தும் கண்காட்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வாசகர், பாளையங்கோட்டை: எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் 20க்கு 15 அடிக் கூடம் கிடைத்திருக்கிறது. ஓவியர்கள் 14 பேர். ஆளுக்கு மூன்று படம் என்று பேசி வைத்திருக்கிறோம். இடம் போதுமா?

போதாது. நாலு சுவரும் சேர்த்து 70 அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, மூலை முடுக்கு என்று 15 அடி கழியும். மிச்சம் 55 அடி, அதாவது 660 அங்குலம். ஃப்ரேமோடு 18 அங்குல அகலமுள்ள படத்துக்குப் பக்கத்தில் 14 அங்குலமாவது வெறுஞ்சுவர் வேண்டும். ஆக ஒரு படம் 32 அங்குலத்தைத் தின்னும். 20 படத்தோடு சுவர் முடிந்துவிடும். 42 படத்தையும் மாட்டினால் காலண்டர் கடைதான்.

ஆளுக்கு ஒன்று என்று முதலில் 14 இடத்தை ஒதுக்குங்கள். பாக்கி ஆறு இடத்துக்குத்தான் மனஸ்தாபம் வரும். கண்காட்சியில் படம் வைக்காத ஒருவரைத் தேர்வாளராகப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஏ4 அளவுக்கு உட்பட்ட சின்னப் படங்கள் இருந்தால் நாலை ஒரு கட்டமாகச் சேர்த்து, நடுவில் 3 அங்குலம் மட்டும் விட்டு மாட்டலாம். கண்ணுக்கு அது ஒரே படமாகத் தெரியும்.

கூடத்தின் நடுவில் பிளைவுட் பலகை நிறுத்தலாமா என்றால், ஒரு வரிசை நிறுத்தலாம். 8க்கு 4 அடி, 12 மி.மீ. பலகை இரண்டைக் கீல் போட்டு, மேலிருந்து பார்த்தால் ‘ப’னாவின் ஒரு கால் இல்லாததுபோல் மடக்கி நிறுத்துங்கள். தனிப் பலகை, ஒரு குழந்தை சாய்ந்தாலே விழும். இரு பக்கமும் 4 அடி நடைவழி கட்டாயம். படத்தைப் பார்க்கிறவர் ஓர் எட்டுப் பின்னால் போவார், அப்போது முதுகில் இன்னொரு படம் இடிக்கக் கூடாது.

வாசகி, அம்பாசமுத்திரம்: தரையிலிருந்து அளந்துதான் மாட்டினோம். ஆனாலும் படங்கள் ஏறி இறங்கித் தெரிகின்றன. பழைய வீடு என்பதால் ஆணி அடித்தால் காரையும் பெயர்கிறது.

தரையிலிருந்து அளந்ததுதான் கோளாறு. பழைய வீட்டுத் தரையில் கழுவிவிடுவதற்கு வாட்டம் வைத்திருப்பார்கள். 20 அடிக்குள் ஓர் அங்குலம் சரிந்திருந்தாலும் படங்களும் கூடவே சரியும். கொத்தனார் ட்யூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, அப்படிச் சுவரின் ஒரு கோடியில் 58 அங்குலத்தில் குறி வைத்து, அதே மட்டத்தை மறு கோடிக்கும் கொண்டுபோய்க் குறித்து நூல் கட்டுங்கள். எல்லாப் படத்தின் நடுப்புள்ளியும் அந்த நூலில் வர வேண்டும். மேல் விளிம்பை ஒரே வரிசையாக்குவது ஒரே அளவுப் படங்களுக்கு மட்டும் சரிப்படும்.

கொக்கியின் உயரம் எது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 58-உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டுங்கள். பின்புறக் கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்தால், ஃப்ரேமின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறதோ அதைக் கழியுங்கள். 24 அங்குல உயரப் படம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் 58 + 12 – 3 = 67. கொக்கி 67 அங்குலத்தில். அந்த நூல்தான் உங்கள் தரை என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 9 அங்குலம் மேலே அளந்தால் போதும், 67 வந்துவிடும்.

காரைச் சுவரில் சுத்தியல் வேண்டாம். ட்ரில்லில் ஹாமர் வைக்காமல், 6 மி.மீ. பிட்டால் 2 அங்குலம் உள்ளே போங்கள். செங்கல்லைத் தொட்டதும் தூளின் நிறம் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும். தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக் அடித்து ஸ்குரூ போடுங்கள். தூள் உள்ளே இருந்தால் பிளக் சுழலும், பிடிக்காது. சுவரைத் தொடவே கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால், சுவரின் மேல்புறம் ஒரு மரச்சட்டத்தை மூன்று நாலு இடத்தில் மட்டும் பிடித்து, அதிலிருந்து கம்பியில் தொங்கவிடலாம். தூண்டில் நரம்பு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள், பாரத்தில் அது நீளும். மறுநாள் காலையில் வரிசை குலைந்திருக்கும்.

வாசகி, குற்றாலம்: சாரல் காலத்தில் மாட்டிய நீர்வண்ண ஓவியங்களில் தாள் அலையலையாக எழும்பிவிட்டது. சிலவற்றில் பழுப்புப் புள்ளி. ஃப்ரேம் கடைக்காரர் தாள் மட்டம் என்கிறார்.

தாளைக் குறை சொல்ல வேண்டாம், ஒட்டிய விதத்தைப் பாருங்கள். தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிந்த தாளுக்குப் போக வழியில்லை, நடுவில்தான் எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய தாள் பட்டையால் ஒட்ட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கட்டும். செலோ டேப் எக்காரணத்துக்கும் கூடாது. கொஞ்ச வருஷத்தில் பிசின் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கோதுமை ஸ்டார்ச் பசை போதும். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவதுண்டு. ஓவியத்துக்கு அது ஆகாது, தாளை அரித்துப் பழுப்பாக்கும்.

அடுத்தது கண்ணாடி. படத்தின் முகம் கண்ணாடியில் படக் கூடாது. ஈரம் கண்ணாடியில் கோத்து நின்று, ஒட்டிய இடத்திலெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். படத்தைச் சுற்றி அமிலமில்லாத மவுண்ட் போர்டு (நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வைப்பது அழகுக்கு மட்டுமல்ல, அந்த 2 மி.மீ. இடைவெளிக்காகத்தான். பின்பக்க ஹார்டுபோர்டுக்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு மவுண்ட் போர்டு. ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் ஒரு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் நீர்வண்ணம் மாட்டாதீர்கள், உள்சுவருக்கு மாற்றுங்கள்.

பூஞ்சணம் வந்த படத்தைப் பதறிப்போய் வெயிலில் வைத்தால் நிறமும் போகும். காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவிட்டு, வாசலுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத் துணி தொடவே கூடாது. பழுப்புப் புள்ளி அப்படியே இருக்கும். வீட்டு வைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம்.

அக்ரிலிக் வரைபவர்களுக்கும் ஒரு சொல். நம் ஊர் சித்திரை வெயிலில் அக்ரிலிக் இளகிப் பிசுபிசுக்கும். குமிழ் உறையை (பபிள் ராப்) நேராக முகத்தில் சுற்றிக் காரில் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். மூலைகளுக்கு அட்டை மடித்து வைத்து, முகத்தில் எதுவும் படாமல் கட்டுங்கள்.

வாசகர், சேரன்மகாதேவி: ஓவியங்களோடு பத்தமடைப் பாய் இரண்டும் வைக்கிறோம். நாலு மூலையிலும் ஆணியடித்தால் போதுமா?

வேண்டாம். பாரமெல்லாம் அந்த மூலையில் விழுந்து கோரை ஒடியும். பத்தமடைப் பாயில் நெடுக்கே ஓடும் பாவு நூல், குறுக்கே போகும் ஊடு கோரை. பாவு நூல் மேலிருந்து கீழாக, கோரை கிடையாக வரும்படி தொங்கவிட்டால் பாரத்தை நூல் தாங்கும். பாயைவிட 2 அங்குலம் நீளமான, ஓர் அங்குல அகல மரச்சட்டம் இரண்டு எடுத்து, நடுவில் பருத்தித் துணிப் பட்டை வைத்துப் பாயின் மேல் விளிம்பைக் கவ்வுங்கள். ஸ்குரூ பாயைத் துளைக்காமல் இரு ஓரத்திலும் வெளியே போகட்டும்.

சப்பங்கட்டை மரத்திலிருந்து எடுத்த சாயச் சிவப்பு வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். முடிந்ததும் மடிக்காமல், கோரை வளையாத திசையில் சுருட்டுங்கள்.

வாசகர், வள்ளியூர்: ட்யூப்லைட் போதுமா?

கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு. 6500 கெல்வின் வெள்ளை ட்யூபில் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். 3000 முதல் 4000 கெல்வினுக்குள், பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல் போட்டிருக்கும் எல்.இ.டி. வாங்குங்கள். கூரை 10 அடி என்றால் விளக்கைச் சுவரிலிருந்து 3 அடி தள்ளிப் பொருத்த வேண்டும். சாய்வு ஏறக்குறைய 30 பாகை வரும், கண்ணாடியில் விளக்கு தெரியாது, பார்ப்பவர் நிழலும் விழாது. படத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள்: நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை.

வாசகி, திருநெல்வேலி டவுண்: கண்காட்சியில் என் படத்தை வாங்கியவர் அதையே காலண்டரில் அச்சிட்டுவிட்டார். வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டா?

இல்லை. அவர் வாங்கியது படத்தை மட்டும். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி அச்சிடும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். அதை மாற்றித் தருவதானால் எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். வரைந்தவர் ஆயுளுக்குப் பின்னும் 60 வருஷம் அந்த உரிமை செல்லும். ஒரு விலக்கு: பணம் கொடுத்து, ‘எனக்கு இதை வரைந்து தாருங்கள்’ என்று சொல்லி வாங்கிய படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை கேட்டவருக்கே. உங்களுடையது கூடத்தில் மாட்டி விற்றதென்றால் துணிந்து நோட்டீஸ் அனுப்பலாம்.

இனிமேல் விற்பனை ரசீதில் ‘மறுபதிப்பு உரிமை ஓவியருக்கே’ என்று ஒரு வரி சேருங்கள். கூடத்தாரிடம் படம் ஒப்படைக்கும்போதும் தலைப்பு, அளவு, ஊடகம் (நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா), விலை, கூடத்தாருக்குக் கழிவு எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில், உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரர் கூடமாக இருந்தாலும் எழுதுங்கள், அப்போதுதான் சொந்தம் நிலைக்கும்.

வாசகர், களக்காடு: திறப்பு விழாக் குத்துவிளக்கை எங்கே வைப்பது?

வாசலுக்கு வெளியே, அல்லது எந்தப் படத்திலிருந்தும் ஆறடி தள்ளி, மின்விசிறிக் காற்று படாத இடத்தில். எண்ணெய்ப் புகை கான்வாஸில் படிந்தால் துடைத்தாலும் போகாது. ஊதுபத்தி கூடத்துக்குள் வேண்டவே வேண்டாம். தலைமை விருந்தினர் மாலையைப் படத்தின் மூலையில் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள்.