இங்கிலாந்தில் பழைய வெள்ளி, நகை, லேஸ் எல்லாம் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதாமே, நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பக்கம் இருக்கிறேன். ஆறேழு வருஷமாக மாதம் ஒரு ஏலத்துக்காவது போய்விடுவேன். ஏமாந்ததும் உண்டு, ஆனால் யாரும் ஏமாற்றவில்லை. கேட்லாக்கை நான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

முதலில் கணக்கு. சுத்தியல் விழுகிற விலை நீங்கள் கட்டப்போகிற விலை இல்லை. இங்கே வாங்குகிறவரிடமும் கமிஷன் உண்டு. கமிஷன் 25 சதவீதம் என்றால் அந்தக் கமிஷன் மேல் 20 சதவீதம் வாட் வரி. ஆக 100 பவுண்டுக்கு எடுத்த பொருளுக்கு 130 பவுண்டு. இணையத்தில் ஏலம் கேட்டால் பெரும்பாலும் அந்தத் தளத்துக்கும் கொஞ்சம் அழ வேண்டும். உச்ச விலையை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு போங்கள். அங்கே போனபிறகு கை தானாகத் தூக்கும்.

வெள்ளிக்கு முத்திரைதான் ஜாதகம். நடக்கிற சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கூடவே ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம். வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1784 முதல் 1890 வரை, வரி கட்டியாயிற்று என்பதற்கு ராஜா அல்லது ராணியின் தலையும் இருக்கும். 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் வெறும் முலாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் ஒரு ஜோடி மெழுகுவத்தித் தண்டு எடுத்தேன். சிங்கம் இருந்தது, நங்கூரம் இருந்தது, கையில் தூக்கினால் நல்ல கனம். மனசுக்குள் கிராமைப் பெருக்கிப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டேன். வீட்டுக்கு வந்து அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைப் பிரித்தால் உள்ளே கருப்பாக, தார் மாதிரிக் கீல். கனமெல்லாம் அதுதான். வெள்ளி என்பது மேலே போர்த்திய மெல்லிய தகடு மட்டும். கேட்லாக்கில் 'லோடட்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள். அதற்கு உள்ளே நிரப்பியது என்று அர்த்தம் என அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்திப் பிடிகளும் இதே கதைதான். அப்புறம், பழைய வெள்ளி டீ பாத்திரத்தின் கைப்பிடியில் சூடு ஏறாமலிருக்கச் சின்னதாக வெள்ளை வளையம் இருந்தால் அது தந்தமாக இருக்கலாம். 2022-லிருந்து பதிவு செய்யாமல் அதை இங்கே விற்க முடியாது.

நகையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1854 முதல் இங்கே 9 காரட்டும் சட்டப்படி தங்கம்தான், அதாவது ஆயிரத்துக்கு 375. அதை ஊருக்கு வாங்கிப்போய் அம்மாவிடம் காட்டாதீர்கள். விக்டோரியா காலத்து லாக்கெட் என்றால் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இறந்தவரின் தலைமுடியைப் பின்னி உள்ளே வைப்பது அவர்களுக்கு வழக்கம். நம் வீட்டில் அதை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

என் கட்சி லேஸ். வெள்ளியும் தங்கமும் உருக்கினால் காசு, அதனால் அதற்குக் கீழே விலை இறங்காது. லேஸை என்ன செய்ய முடியும்? நம் ஊரில் பழைய பட்டுச்சேலையைக்கூடச் சரிகை வெள்ளிக்காக எடுத்துக்கொள்வார்கள். இங்கே மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னிய காலர், ஓர் அட்டைப்பெட்டியில் கைக்குட்டைகளோடு சேர்ந்து ஒரே லாட்டாகப் போகிறது. அப்படி ஒரு பெட்டியை 40 பவுண்டுக்கு எடுத்தேன்.

அடியில் ஒரு ஹானிட்டன் காலர் இருந்தது. ஹானிட்டன் என்பது டெவனில் ஓர் ஊர், இந்தப் பக்கத்து லேஸுக்கு அந்தப் பெயர்தான். 1840-இல் விக்டோரியா ராணியின் கல்யாணத்துக்கு லேஸ் பின்னியது இதே டெவனில், பீர் என்கிற கடலோர ஊரில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பூவும் இலையும் கைவேலை: நூல் மேலும் கீழுமாக, நெய்த துணி போலவே ஓடுகிறது, ஓரத்தில் குண்டூசி குத்திய ஓட்டைகள். பின்னால் இருக்கிற வலை மட்டும் மிஷின். ஒவ்வொரு கண்ணும் அச்சடித்தது போல ஒரே அளவு அறுகோணம். அந்த வலை மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் ஹீத்கோட்டின் லஃப்பரோ ஊர் ஆலையை 1816-இல் மிஷின் எதிர்ப்பாளர்கள் உடைத்தார்கள். மனுஷன் டெவனுக்கு வந்து டிவர்ட்டனில் ஆலை போட்டுவிட்டார். அதனால் வலை மிஷின் என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பூவைப் பாருங்கள். பூவும் சேர்ந்து பிசிறடித்து, பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் அது முழுக்க மிஷின்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஊரும் ஒரு காரணம். நாகர்கோவிலில் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட், லண்டன் மிஷன் பாதிரியாரின் மனைவி. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குட்டிக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அதே வேலை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஏல நாளைவிட அதற்கு முந்தைய பார்வை நாள்தான் முக்கியம். எதையும் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். போக முடியாவிட்டால் பொருளின் நிலை என்ன என்று மெயிலில் கேளுங்கள், காசு வாங்காமல் எழுதி அனுப்புவார்கள். 'ஏ.எஃப்.' என்று போட்டிருந்தால் எங்கோ உடைசல் இருக்கிறது. இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், என்னிடம் லென்ஸ் இரண்டு இருக்கிறது.