காசில்லாமல் ஏறிப் பார்க்கும் கூரைத் தோட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய நகரங்களில் கட்டட உச்சியில் தோட்டம் அமைத்துப் பொதுமக்களை இலவசமாக விடுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகளைப் பார்க்க ஒக்டோபரில் நானும் மனைவியும் போகிறோம். முப்பத்தைந்தாம் மாடியில் ஒரு தோட்டம் இருக்கிறது, காசே இல்லை என்கிறாள் மகள். இணையத்தில் தேடினால் ஒரு தளம் பணம் கேட்கிறது. எது உண்மை?
— வாசகர், பண்டாரவளை

பதில்: மகள் சொல்வதுதான் உண்மை. ஃபென்சர்ச் வீதி 20ஆம் இலக்கக் கட்டடத்தின் உச்சியில், 35 முதல் 37 வரையான மாடிகளில் இருக்கும் 'ஸ்கை கார்டன்' அது. 2015 ஜனவரியில் திறந்தார்கள். அந்த இடத்தில் அவ்வளவு உயரமாகக் கட்ட அனுமதி கேட்டபோதே, உச்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டுதான் கட்டினார்கள். ஆகவே கட்டணம் இல்லாதது யாரும் போடும் பிச்சை என்று கூச்சப்பட வேண்டாம். பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். தோட்டத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் பதியுங்கள்.

நுழைவுச்சீட்டு வாரத்துக்கொரு முறை, வழக்கமாகத் திங்கட்கிழமைகளில், அடுத்த மூன்று வாரம் வரைக்குமாக வெளியாகும். மாலை நேரங்கள்தான் முதலில் தீரும். கடிகாரக் கணக்கில் கவனம் தேவை: ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால்; அங்கே காலை பத்து என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. அந்த ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடுவார்கள். வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். சூரியன் மறையும் நேரமும் அதோடு இடம் மாறும். மாதத் தொடக்கத்தில் மாலை ஆறரை, மாத முடிவில் ஐந்து மணிக்கு முன்பே. மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பான நேரத்தை எடுத்தால் வெளிச்சத்திலும் பார்க்கலாம், விளக்குகள் எரியத் தொடங்குவதையும் பார்க்கலாம். பலர் ஊர்க் கணக்கில் 'சாயந்தரம் ஆறு மணி' என்று பதிந்துவிட்டு, மாதக் கடைசியில் கும்மிருட்டில் போய் நிற்கிறார்கள்.

கீழ்வாசலில் விமான நிலையத்தில் போலவே பையையும் ஆளையும் சோதிப்பார்கள். சீட்டைக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள், கடவுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள், பெரிய பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். மொனியுமென்ட் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான்.

மேலே கண்ணாடிக் கூரைக்கு அடியில் இரண்டு பக்கமும் படிப்படியாகச் செடிகள். தெற்கே திறந்த மாடத்திலிருந்து தேம்ஸ் நதியும், எதிர்க்கரையில் ஷார்ட் கோபுரமும் தெரியும்; கிழக்கே டவர் பாலம், மேற்கே புனித பவுல் தேவாலயத்தின் குவிமாடம். செடிகளுக்கு நடுவே மரப்பன்னங்களைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஹக்கலவிலும் ஹோர்ட்டன் சமவெளி ஓடைக்கரைகளிலும் தானாக நிற்கிற சாதியை அங்கே சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

சீட்டுக் கிடைக்காவிட்டால் அதே வீதியில் 120ஆம் இலக்கக் கட்டடத்துக்குப் போங்கள். பதினைந்தாம் மாடியில் 'கார்டன் அட் 120', 2019இல் திறந்தது. முன்பதிவு தேவையில்லை, சோதனை முடிந்ததும் மின்தூக்கியில் ஏறிவிடலாம். உயரம் குறைவுதான். ஆனால் படம் எடுக்க இதுவே மேல் என்பது எங்கள் கருத்து. திறந்தவெளி என்பதால் காற்று பலமான நாட்களில் மூடுவதுண்டு.

கேள்வி: மாமியாருக்கு உயரத்தில் நின்றால் தலைசுற்றும். கூட்டிப் போகலாமா?
— வாசகி, ஹப்புத்தளை

பதில்: ஸ்கை கார்டன் என்றால் போகலாம். வெளி மாடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாமல், நடுவில் செடிப்பக்கம் உட்காரவையுங்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். மின்தூக்கி வேகமாக ஏறும்.

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. 51ஆம் மாடியில் இலவசத் தோட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். தோழிகளோடு போக ஆசை.
— தலவாக்கலையிலிருந்து போன வாசகி

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள், தங்கச்சி. ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் தோட்டம் அது. 280 மீற்றர் உயரக் கட்டடம். உச்சித் தோட்டம் பொதுமக்களுக்குத் திறப்பது வேலை நாட்களில்தான். ஞாயிறு போனால் மூடிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பொது விடுமுறையும் ஞாயிறு மாதிரியேதான்.

ஞாயிறுக்கு ஏற்றது மரீனா பராஜ். கடல் நீர் உள்ளே வராமல் 350 மீற்றர் அகலக் கால்வாயின் குறுக்கே கட்டிய அணை அது, 2008இல் திறந்தது. வெள்ள நீரைக் கடலுக்கு இறைக்கும் பம்பு நிலையத்தின் கூரை முழுக்கப் புல். கூரை தரையிலிருந்தே சரிவாகச் சுழன்று ஏறுவதால் படியேறாமல் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். சீட்டு இல்லை, பதிவு இல்லை. 'கார்டன்ஸ் பை த பே' எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம்.

மதியம் போகாதீர்கள். புல்வெளியில் ஒரு மரநிழல்கூட இல்லை. அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறையும். ஐந்தரைக்குப் போய்ப் பாயை விரித்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிடலாம். கடல் காற்றுக்குக் கடதாசித் தட்டு பறந்துவிடும், மூடியுள்ள டப்பாவே நல்லது. இடி இடித்தால் உடனே இறங்கிவிடுங்கள், அந்த வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். இருட்டியதும் பக்கத்துப் பூங்காவில் 7.45க்கும் 8.45க்கும் பெரிய செயற்கை மரங்களில் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். அதுவும் இலவசம். லீவு முடிந்து வீடு திரும்ப வேண்டிய நேரம் உங்களுக்குத் தெரியும், 7.45 காட்சியே போதும்.

கேள்வி: நம் மலையகத்தில் இப்படி ஓர் இடம் இல்லையா?
— வாசகர், மாத்தளை

பதில்: பொதுமக்களுக்கென்று கூரைத் தோட்டம் தேடுவதைவிட, மலையே கூரையாக இருக்கும்போது அதில் ஏறுங்கள். கண்டியில் ராஜபிஹில்ல மாவத்தையில் 'ஆர்தர்ஸ் சீட்' பார்வை மேடை. கட்டணமில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவி, எதிர்க்கரையில் தலதா மாளிகை, அதன் பின்னால் உடவத்தகலை காடு, இடப்பக்கம் நகரம், எல்லாம் ஒரே பார்வையில். காலை எட்டுக்கு முன் போனால் கூட்டமில்லை. இரத்தினக்கல் காட்டுகிறேன், பத்திக் துணி காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். நுவரெலியா என்றால் ஒற்றை மர மலை. கிரகரி வாவியும் நகரமும் கீழே கிடக்கும். பத்து மணி தாண்டினால் பல நாள் மூடுபனிதான் காட்சி.

கேள்வி: ஹட்டனில் என் கடைக்கு மேல் 20க்கு 30 அடி ஸ்லாப் சும்மா கிடக்கிறது. ஊரும் மலையும் நன்றாகத் தெரியும். புல் போட்டு, செடி வைத்து, யாரும் வந்து உட்காரலாம் என்று திறந்துவிடலாமா?
— வியாபாரி, ஹட்டன்

பதில்: மனசு பெரிது, ஸ்லாப்தான் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நாலு அங்குல உயரத்துக்கு மண் பரப்பினால், மழையில் ஊறிய பிறகு ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 16 கிலோ. உங்கள் 600 சதுர அடிக்கு இது பத்து டன்னுக்குக் கிட்ட. இரண்டு லொறிப் பாரத்தை நிரந்தரமாகக் கடைத் தலைமேல் நிறுத்துகிறீர்கள். வீட்டுத் தளத்தை வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான பாவனைப் பாரத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். நாலு அங்குல ஈரமண்ணே, சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 170 கிலோ, அதைத் தின்றுவிடும். ஆட்கள் கூடும் இடத்துக்கு 400, 500 கிலோ கணக்கிட வேண்டும். ஆகவே புல் பரப்பும் யோசனையை விடுங்கள். பொதுமக்களை ஏற்றுவதானால், பட்டயப் பொறியியலாளர் ஒருவர் வந்து பீமையும் தூணையும் பார்த்து எழுத்தில் தரும்வரை கதவைத் திறக்காதீர்கள். நகரசபையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் வீட்டாருக்கும் என்றால் தொட்டித் தோட்டம் போதும். முதலில் கசிவுச் சோதனை. நீர் வெளியேறும் துளையைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுக் கடைக்குள் சீலிங்கைப் பாருங்கள். ஈரப்பொட்டு தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் ஒரு சட்டிகூட மேலே போகக்கூடாது.

அடுத்து, மேல்மாடி எழுப்பலாம் என்று தூண்களில் விட்டுவைத்த கம்பிகள். நம் ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு இந்தக் கொம்பு இருக்கிறது. கம்பி துருப்பிடித்து, துரு தூணுக்குள் இறங்கி, கொங்கிரீட் பிளந்து உதிரும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, சீமெந்துப் பால் பூசி, மெலிந்த கொங்கிரீட்டால் மூடிவிடுங்கள். மூடும்வரை நுனியில் போத்தலைக் கவிழ்த்து வையுங்கள், கண்ணைக் குத்தாது.

தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர்மேலே ஓரமாக வையுங்கள். தளத்தின் நடுவில் வேண்டாம். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று ஓட்டுத்துண்டு கொடுத்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும், அடியில் பாசி பிடிக்காது. கலவைக்கு மேல்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தனி மண்ணைவிடப் பாரம் நன்றாகக் குறையும். தும்புத்தூளை முதலில் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கும். ஹட்டனுக்கு லீக்ஸ், சலாது, நோக்கோல், பீட்ரூட் எல்லாம் சரி. போஞ்சிப் பந்தலை ஜூன், ஜூலைக் காற்று பிய்த்தெறியும். அந்த மாதங்களில் கொடி வேண்டாம்.

பீலி வாயில் கம்பி வலை வையுங்கள். இலை அடைத்து ஒரு மழை தேங்கினால், அதுவே ஓர் அங்குலத்துக்குச் சதுர அடிக்கு இரண்டு கிலோவுக்கு மேல். பீலித் தண்ணீரைப் பின்பக்கச் சரிவில் சும்மா விழவிடாதீர்கள், குழாய் போட்டுக் கானுக்குள் விடுங்கள். மண்சரிவு ஊரில் இது உங்கள் கடைக்கும் நல்லது, கீழே குடியிருப்பவருக்கும் நல்லது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரத்தில் ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் மட்டும் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய நுளம்பு முட்டை அப்படியே இருக்கும். நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் வரும்.

கேள்வி: மாடித் தொட்டியில் வைத்த சலாது ஜனவரியில் துகள் உறைபனி விழுந்து கருகிவிட்டது. தரையில் வைத்தது தப்பியது. ஏன்?
— வாசகி, நுவரெலியா

பதில்: தரையில் உள்ளதற்குப் பக்கத்தில் மரமோ தாழ்வாரமோ இருந்திருக்கும். மாடித் தொட்டிக்கு மேலே வெறும் வானம். மேகமில்லாத இரவில் இலையின் சூடு முழுக்க மேலே போய்விடும். தொட்டிக்குள் உள்ள சிறிதளவு மண்ணும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பகலில் வானம் நீலமாக இருந்து காற்றும் அடங்கினால் அன்றிரவு உறைபனியை எதிர்பாருங்கள். மாலை ஐந்துக்குள் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி, நாலு குச்சி நட்டு, இலையில் படாதபடி உரச்சாக்கால் மூடுங்கள். மறந்துவிட்டால், விடிந்ததும் வெயில் படுவதற்கு முன் பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஊற்றிப் பயனில்லை.