துண்டு போட்டு மூடிய கேமரா

கேள்வி: தண்டையார்பேட்டையில் 73 வயது அம்மா தனியாக இருக்கிறார். எனக்குப் புனேயில் வேலை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பயந்துபோய்க் கூடத்தில் கேமரா மாட்டினேன். "என்னை வேவு பார்க்கிறாயா?" என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அம்மா செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. அவர் விழுந்தது குளியலறையில். நீங்கள் கேமரா மாட்டியது கூடத்தில். துண்டு இல்லாவிட்டாலும் காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கு வேண்டாம். தினமும் செய்வதை இன்று செய்யவில்லையா என்பது தெரிந்தால் போதும். ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே இதற்காக ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்தது. முதியவர் தேநீருக்கு வெந்நீர் பிடித்தால் பிள்ளைக்குத் தகவல் போகும். பிடிக்காத நாளில் பிள்ளை விசாரிப்பார். இங்கே அந்த வேலைக்கு, திறந்ததும் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் சிறிய சென்சாரைக் குளியலறைக் கதவில் ஒட்டலாம். காலை எட்டு மணிவரை செய்தி வராவிட்டால் போன் செய்யுங்கள்.

உள்ளே போய் விழுந்தால்? விழுந்ததை உணர்ந்து தானே அழைக்கும் கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. குளிக்கும்போதும் அதைக் கட்டியிருப்பாரா, மறக்காமல் சார்ஜ் போடுவாரா என்று அவரையே கேட்டுவிட்டு வாங்குங்கள். சாதாரண பட்டன் போனிலேயே 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் உள்ள அரசு விதி. ஆனால் போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தால் என்ன பயன்? குளியலறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மாட்டச் சொல்லுங்கள். தரையில் கிடப்பவரின் கை எட்டுவது அவ்வளவு உயரம்தான்.

சரி, அழைப்பு வந்துவிட்டது. கதவை யார் திறப்பது? என் பெரியம்மா எதிர்வீட்டில் சாவி கொடுத்து வைத்திருந்தார்; உள்தாழ்ப்பாளையும் போட்டிருந்தார்! கதவை உடைக்க ஆள் தேடியதிலேயே முக்கால் மணி நேரம் போனது. வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டாக மாற்றிவிட்டு, வாசல் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாளே வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் மின்சாரமும் சிக்னலும் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் சென்சார் வெறும் பிளாஸ்டிக். உங்கள் அம்மா விடியற்காலையில் கைப்பம்பு அடிப்பவர் என்றால், அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பழகியிருக்கும். கேட்காத அன்று கதவைத் தட்டும்படி அவரிடம் சொல்லி வையுங்கள். இன்னொரு சாவியும் அவரிடமே இருக்கட்டும்.

கேமராவை வீணாக்க வேண்டாம். வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். மணி அடிப்பது யார் என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் துண்டு போட மாட்டார்.