2011 விமான விபத்தில் அணியையே இழந்த லோகோமோட்டிவ் யாரோஸ்லாவ்ல் எப்படி மீண்டது?

வோல்கா நதிக்கரை நகரமான யாரோஸ்லாவ்லின் ஐஸ் ஹாக்கி கிளப் இது. 1997-இல் டார்பிடோ என்ற பெயரிலும், 2002, 2003-இல் லோகோமோட்டிவாகவும் ரஷ்ய சாம்பியன் ஆனது.

2011 செப்டம்பர் 7 அன்று, சீசனின் முதல் ஆட்டத்துக்காக அணியோடு பெலாரஸின் மின்ஸ்க் கிளம்பிய யாக்-42 விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. விமானி தெரியாமல் பிரேக்கை மிதித்தபடியே இருந்ததுதான் காரணம் என்றது விசாரணை. 45 பேரில் பிழைத்தவர் விமானப் பொறியாளர் ஒருவர் மட்டுமே.

மற்ற கிளப்புகள் வீரர்களைத் தர முன்வந்தும், நிர்வாகம் அந்த சீசனில் ரஷ்யாவின் முதல்நிலை ஹாக்கி லீக்கான கேஹெச்எல்-லிலிருந்து விலகியது. இளம் வீரர்களோடு இரண்டாம்நிலை லீக்கில் ஆடியது. என்னைப் பொறுத்தவரை மிகச் சரியான முடிவு. அடுத்த சீசனிலேயே கேஹெச்எல்-லுக்குத் திரும்பிவிட்டார்கள். கோப்பைக்குத்தான் நீண்ட காத்திருப்பு. 2024 இறுதிச்சுற்றில் மக்னிதகோர்ஸ்க் அணியிடம் தோற்று, 2025-இல் செல்யாபின்ஸ்க் நகரின் டிராக்டர் அணியை இறுதித் தொடரில் 4-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்று, கேஹெச்எல் சாம்பியனுக்கான ககாரின் கோப்பையை முதல்முறையாகத் தூக்கினார்கள்.