அடித்த கணக்கும் அங்கேயே இருக்கிறது

வணக்கம் ஐயா,

சிறிய ஊர் ஒன்றில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். என் தலைப்பைப் பற்றிப் பேச இங்கே ஆள் இல்லை. மின்னஞ்சலும் அரட்டைக் குழுவும் செய்தி சொல்லத்தான் ஆகும், சேர்ந்து யோசிக்க ஒரே கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கரும்பலகையின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் அது இல்லாமல் முடியாது என்பதை ஏற்கமாட்டேன். உங்கள் துறையிலேயே சாட்சி இருக்கிறது.

2009இல் கேம்பிரிட்ஜின் டிமத்தி கவர்ஸ் ஒரு கடினமான கணக்கை இணையத்தில் பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். தனியே போய் நாள்கணக்கில் யோசித்துவிட்டு வராதீர்கள், அரைகுறையாகத் தோன்றுவதை அப்போதே எழுதுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 37 நாட்களில் 27 பேர், சுமார் 800 குறிப்புகள். ஒரு பள்ளி ஆசிரியரும் அதில் இருந்தார். தீர்வைச் சொன்ன கட்டுரை டி. எச். ஜே. பாலிமத் என்ற பொதுப் பெயரில் வந்தது.

2013இல் யீடாங் ஜாங் தனியாளாக உழைத்து ஒன்றை நிறுவினார்: 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு. அந்த 7 கோடியைக் குறைக்க டெரன்ஸ் டாவோ என்ற கணிதவியலாளர் முன்னின்று இதே பாணியில் ஒரு கூட்டு முயற்சி நடந்தது. ஜூலைக்குள் இடைவெளி 4680 ஆனது. நவம்பரில் ஜேம்ஸ் மேனார்டு வேறு வழியில் தனியாகவே 600க்குக் கொண்டுவந்தார். அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார், 2014இல் 246.

அந்த எண்கள் இறங்கிய கதையை ஒரு அட்டவணையாக வைத்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள். உறுதியாகாத எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. தப்பான கணக்கை நம்பி வந்த எண்ணின் மேல் ஒரு கோடு. அடித்திருக்கிறார்களே தவிர, அழிக்கவில்லை. கரும்பலகையில் இதைத் துடைத்திருப்பார்கள். யார் எங்கே வழுக்கினார், எப்படி எழுந்தார் என்பது ஊர்பேர் தெரியாத மாணவிக்கும் படிக்கக் கிடைக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

சரி, தலைப்பு என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லையே. எந்தப் படியில் நிற்கிறீர்கள், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சரிவராததையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே படிப்பவர்களில் கணிதக்காரர்கள் சிலர் உண்டு.

அன்புடன்.