ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், பெயர் போட வேண்டாம். டிரம்ப் ஜெயித்த 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த வாரம் நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பை இப்போதுதான் வாசித்தேன். ‘ஓட்டுப் போட்டேன், துள்ளிக் குதிக்க முடியவில்லை’ என்று முடித்திருந்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்களும் நம்ம ஆள்தானே? கருக்கலைப்பு, குடும்பம், வேதம் எல்லாவற்றிலும் நாங்கள் நினைப்பதைத்தான் எழுதுகிறீர்கள், பிறகு ஏன் இந்த இழுவை? எங்கள் சபையில் உபவாசம் இருந்து ஜெபித்தோம். தேர்தலுக்கு அடுத்த ஞாயிறு பாஸ்டர் எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். ‘ராஜாக்களைத் தள்ளி, ராஜாக்களை ஏற்படுத்துகிறவர்’ என்ற வசனத்தில்தான் அன்றைய பிரசங்கம். நானும் கைதட்டினேன். ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பின்வரிசையில் ஒரு அக்கா எழுந்திருக்கவே இல்லை, ஆராதனை முடியும் முன்பே கிளம்பிவிட்டார், அதோடு சபைக்கு வருவதும் நின்றுபோனது. அவர் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவர் என்று பேசிக்கொண்டார்கள். தேவன் தந்த ஜெயத்தைக் கொண்டாடியது தப்பா? இதைப் பாஸ்டரிடம் பேசலாமா?

—

தம்பி,

கோபமாக எழுத உட்கார்ந்தும் அந்த அக்காவை விட்டுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில், வெறும் கோபக் கடிதம் என்றால் விட்டிருப்பேன்.

முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள். நான் பழமைவாதிதான். கருவில் இருப்பது உயிர் என்று நம்புகிறவன். 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய 1973இன் ரோ தீர்ப்பைத் தூக்கிப் போட்டபோது, செய்தியை ரேடியோவில் கேட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதவன். கோர்சச், கவனா, பேரட் என்று டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகள் இல்லாமல் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது என்பதும் தெரியும். நன்றி மறக்கிற ஆள் இல்லை.

சரி, உங்கள் பாஸ்டரின் வசனத்துக்கு வருவோம். 2024இல் டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்கு (அதிபரைத் தீர்மானிப்பது இவைதான்), எதிர்த்து நின்ற ஹாரிஸுக்கு 226. 2020இல் பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. அந்த 2020 நவம்பரில் உங்கள் சபையில் எந்த வசனத்தில் பிரசங்கம் நடந்தது? ஞாபகப்படுத்திப் பாருங்கள். எங்கள் சபையில் யோபுவிலிருந்து, சோதனையில் பொறுமை பற்றி. ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் அந்த வருஷம் மட்டும் லீவு போட்டிருந்தாரா? தானியேல் 2ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். அந்த வார்த்தையைச் சொல்கிறவன் தோற்ற நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு வாலிபன். சொல்கிற இடம் பாபிலோன், அங்கே ராஜா நேபுகாத்நேச்சார், எருசலேமை முற்றுகையிட்டவன். தன் ஜனத்தை அழித்தவனையும் கர்த்தர்தான் அந்த இடத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார் என்று வாயால் சொல்ல அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! தோற்ற ராத்திரியில் சொல்ல வேண்டிய வசனத்தை நாம் ஜெயித்த காலையில் கொடியாகப் பிடித்துக்கொண்டோம்.

தீர்க்கதரிசனக் கூத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2020இல் டிரம்ப் கட்டாயம் ஜெயிப்பார் என்று கர்த்தர் சொன்னதாக எத்தனை பேர் கேமரா முன்னால் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் நமக்கும் வந்ததே. நடக்கவில்லை. 2021 ஜனவரியில் ஓரிருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள், கேட்டவர்களுக்கு நம் ஆட்களிடமிருந்தே வசவு விழுந்தது. மற்றவர்கள் சத்தமில்லாமல் அடுத்த தீர்க்கதரிசனத்துக்குப் போய்விட்டார்கள். அதற்கும் முன்னால், யூதர்களைச் சிறையிருப்பிலிருந்து விடுவித்த பாரசீக ராஜா கோரேசை வைத்து ஒரு கணக்கு ஓடியது: டிரம்ப் 45ஆவது அதிபர், கோரேசு ராஜாவைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணியதாக வருவது ஏசாயா 45, ஆகவே பொருத்தம் கச்சிதம். இப்போது அவர் 47ஆவது அதிபர். ஏசாயா 47 எதைப் பற்றியது என்று எடுத்துப் பாருங்கள், பாபிலோனின் வீழ்ச்சி! இந்த எண் ஜோசியத்தை இப்போது ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1 இராஜாக்கள் 22. இஸ்ரவேல் ராஜா ஆகாப் போருக்குப் போகலாமா என்று கேட்கிறான், நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் ‘போம், ஜெயம்’ என்கிறார்கள், ஒருவன் இரும்புக் கொம்பு எல்லாம் செய்துகொண்டு வந்து நாடகமே போடுகிறான். மிகாயா என்று ஒருவன் மட்டும் பாக்கி. அவனை அழைக்கப் போன ஆள் வழியிலேயே, எல்லாரும் ஒன்று போலச் சொல்லியாகிவிட்டது, நீயும் அப்படியே சொல்லிவிடு என்று தயார் பண்ணுகிறான் பாருங்கள், அந்த இடம் எனக்குப் பயமாக இருக்கும். அவன் உண்மையைச் சொல்லிக் கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போகிறான். ஆகாப் போர்க்களத்தில் செத்தான். அந்த நானூறு பேரும் ராஜாவை வெறுத்தவர்கள் இல்லை, அவன் பக்கத்து ஆட்கள்தான். நம் தலைவருக்கு நாமும் நானூற்றோராவது ஆளாகப் போய் நிற்கிறோமோ என்பதுதான் என் கவலை. என்னால் துள்ள முடியாமல் போனது இதனால்தான்.

ஏனென்றால் 2024இன் உள்கணக்கு நமக்கு அவ்வளவு இனிப்பானது இல்லை. அதே நவம்பர் 5ஆம் தேதி பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு உரிமை ஓட்டுக்கு வந்தது, ஏழில் அந்தப் பக்கம் ஜெயித்தது. மிசௌரியில் டிரம்புக்குச் சுமார் 58 சதவீதம், அதே வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கு 51க்கு மேல். அதாவது கணிசமான பேர் இரண்டுக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். புளோரிடாவில் நாம் ஜெயித்தோம் என்று கைதட்டினோமே, அங்கே 57 சதவீதம் பேர் நமக்கு எதிராகத்தான் போட்டார்கள், 60 வேண்டும் என்ற விதிதான் நம்மைக் காப்பாற்றியது. 2024 ஜூலையில் மில்வாக்கியில் குடியரசுக் கட்சி தன் கொள்கை அறிக்கையை மாற்றி, தேசிய அளவில் தடை என்ற பழைய கோரிக்கையை எடுத்துவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியதே, எத்தனை பாஸ்டர்கள் அதைப் பிரசங்க பீடத்தில் கேட்டார்கள்? நாம் கேட்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை இன இவாஞ்சலிக்கல்களில், அதாவது நம்மைப் போன்ற சுவிசேஷக் கிறிஸ்தவர்களில், பத்தில் எட்டுப் பேர் என்ன ஆனாலும் வருவார்கள் என்றால் யார்தான் நமக்காக மெனக்கெடுவார்கள்?

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். 1998இல் அதிபர் கிளின்டனின் பெண் தொடர்பு விவகாரம் நடந்தபோது, தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய சபை அமைப்பு ஒரு தீர்மானம் போட்டது, பொதுப் பதவியில் இருப்பவர்களின் ஒழுக்கக் கேட்டைப் பொறுத்துப் போனால் தேசத்தின் மனசாட்சியே மரத்துப்போகும் என்று. நல்ல தீர்மானம், அன்றைக்கு நான் ஆமென் சொன்னேன். 2011இல் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது, தனி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று. வெள்ளை இன இவாஞ்சலிக்கல்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். 2016இல் அதே கேள்விக்கு 72 சதவீதம். இந்த ஐந்து வருஷத்தில் வேதத்தில் புதிய அதிகாரம் எதுவும் சேரவில்லை, வேட்பாளர்தான் மாறியிருந்தார். நம் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுவிசேஷகர் பில்லி கிரஹாமை நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படி மதித்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரே அதிபர் நிக்சனோடு நெருங்கிப் பழகிச் சூடு பட்டவர். வெள்ளை மாளிகையில் அவர் யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சு ஒலிநாடாவில் இருந்தது, 2002இல் வெளிவந்தது, தள்ளாத வயதில் மன்னிப்புக் கேட்டார். அதிகாரத்தின் அறைக்குள் போனவர் அந்த அறையின் பாஷையைப் பேசிவிட்டு வந்தார். அவருக்கே அப்படி என்றால் நம் பாஸ்டர்கள் எம்மாத்திரம்.

அப்புறம் 2025. பதவியேற்ற ஜனவரி 20ஆம் தேதியே அகதிகளைச் சேர்ப்பதை நிறுத்தும் உத்தரவு. அகதிகளுக்கு இந்த நாட்டில் வீடு பிடித்து, படுக்கை வாங்கிப் போட்டு, வேலைக்கு அழைத்துப் போனதில் பெரும்பங்கு சபைகளுடையது. அடுத்து வெளிநாட்டு உதவி முடக்கம். எய்ட்ஸ் மருந்துக்காக 2003இல் அதிபர் புஷ் தொடங்கிய திட்டமும் அதில் ஆட்டம் கண்டது. அந்தத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தது யார்? நம்மைப் போன்ற பழமைவாதக் கிறிஸ்தவர்கள்தான், கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்காக அழுதவன் மருந்து நின்றுபோன தாய்க்காகவும் அழ வேண்டாமா? இதைக் கேட்டால் ‘இடதுசாரி ஆகிவிட்டீர்களா அண்ணே’ என்று மெசேஜ் வருகிறது. அடுத்த தேர்தலிலும் அனேகமாக நான் அதே பெட்டியில்தான் போடுவேன். ஓட்டு என் கடமை, இருப்பதில் கெடுதல் குறைந்ததைப் பார்த்துப் போடுகிறேன். அதற்கு அபிஷேகத் தைலம் ஊற்ற மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

பாஸ்டரிடம் பேசலாமா என்று கேட்டீர்கள். பேசுங்கள், தனியாகப் போய், வீட்டில் வைத்து. இந்தக் கணக்கு வழக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். முதலில் அந்த அக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள், அரசியல் பேசாமல், காபி குடித்துவிட்டு. அப்புறம் பாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். 1 தீமோத்தேயு 2இல் ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்லிப் பவுல் எழுதிய காலத்தில் ரோமில் இருந்தவன் நீரோ. 2021லிருந்து நான்கு வருஷம் நம் சபையில் பைடனுக்காகப் பெயர் சொல்லி ஒரு ஞாயிறாவது ஜெபித்தோமா என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்காதீர்கள், ஏனென்றால் நானும் செய்யவில்லை. அவர் பெயரைச் சொல்லி நான் முதல்முறை ஜெபித்தது 2025 மே மாதம், பதவியெல்லாம் போய், அவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்த அன்றைக்குத்தான்.