உறைந்துபோகும் கோழித் தண்ணீர்: முதலில் விளக்கின் நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டண்டீக்கு வெளியே எங்களுக்குச் சிறு நிலம் இருக்கிறது; இங்கே ஜூன் மாதம்தான் குளிர்காலம். தகரக் கொட்டகையில் 60 முட்டைக்கோழிகள், பத்து மாத வயது. ஜூன் பிறந்ததிலிருந்து ராத்திரியில் நிப்பிள் லைன் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனைகள் பொருத்திய குழாய்) உறைந்துபோய், காலை 9.30 வரை சொட்டுத் தண்ணீர் வருவதில்லை. 52 முட்டை எடுத்த இடத்தில் இப்போது 34தான். தீவனக் கடைக்காரர் சொன்னபடி மே மாதமே டைமர் போட்டு, விடியற்காலை 4 மணிக்கு பல்ப் எரிய விட்டிருக்கிறோம். இப்போது அவர் தண்ணீர்க் குடுவைக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் கரண்ட் தட்டும், குளிர்கால டானிக்கும் வாங்கச் சொல்கிறார். குளிர் அடிக்காமல் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டோம். தட்டு வாங்கலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

பதில்: அம்மா, தட்டு வேண்டாம், டானிக்கும் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 4 மணி பல்புதான் இங்கே முக்கியமான விஷயம்.

இருட்டில் கம்பில் ஏறி உட்கார்ந்த கோழி தண்ணீர் தேடாது. வெளிச்சம் வந்தால்தான் இறங்கும். இறங்கியதும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும்தான் ஓடும். உங்கள் கோழிகள் 4 மணிக்கு இறங்குகின்றன, தண்ணீரோ 9.30க்கு வருகிறது. ஐந்தரை மணி நேரம் விழித்துக்கொண்டு தாகத்தில் நிற்கின்றன. தண்ணீர் இல்லாத கோழி தீவனத்தையும் தொடாது. ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்று, அதைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்க வேண்டும். அறுபதுக்கு 12 முதல் 15 லிட்டர். காலையில் விட்டதை மத்தியானத்தில் அது ஈடுகட்டாது. முட்டை அங்கேதான் போகிறது.

அதனால் விளக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். நம் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் 6.50 வாக்கில் உதித்து 5.10க்கு மறைகிறது, பகல் பத்தரை மணி நேரம்கூட இல்லை. 14 மணி நேர வெளிச்சம் தேவை என்று கடைக்காரர் சொன்னது சரி. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவர் யோசிக்கவில்லை. காலை விளக்கை மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி தள்ளி வையுங்கள். அதே அரை மணியைச் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூட்டுங்கள். மொத்த நேரம் ஒரு நாளும் குறையக் கூடாது, குறைந்தால் சிறகு உதிர்க்க ஆரம்பித்துவிடும். இரண்டு வாரத்தில் காலை 6.30 முதல் இரவு 8.30 வரை என்று வந்து நிற்கும். சாயங்கால விளக்கு சட்டென்று அணைந்தால் கோழிகள் தரையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரு சின்ன மங்கலான பல்பைக் கூடுதலாக இருபது நிமிஷம் எரிய விடுங்கள், எல்லாம் கம்பில் ஏறிவிடும்.

அடுத்தது, நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒன்று: உறைபனிக் காலத்தில் ராத்திரி கொட்டகைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. குடிக்க ஆள் இல்லாத தண்ணீரை ராத்திரி முழுக்கச் சூடாக்குவதற்குத்தான் அந்தத் தட்டு. ஐஸை உருக்க வழி தேடுவதை விட்டு, உறைவதற்கே எதுவும் இல்லாமல் செய்யுங்கள். விளக்கு அணைந்ததும் லைனை வடித்துவிடுங்கள். குழாயை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாகக் கட்டி, தாழ்ந்த முனையில் திறந்து மூடும் வால்வு (ball valve) ஒன்றும், தண்ணீரைக் கொட்டகைக்கு வெளியே விடும் ஹோஸும் பொருத்துங்கள். மேல் முனையில், லைனுக்குத் தண்ணீர் விடும் வாளிக்குக் கீழே, T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, வாளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி திறந்த குழாய் ஒன்றை நிறுத்துங்கள். பலர் விடுவது இதைத்தான். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால், மேல் வாயை விரலால் அடைத்த ஸ்ட்ரா போல, தண்ணீர் குழாயிலேயே தொங்கி நிற்கும். வால்வைத் திறந்தும் வடியாது. நிப்பிள் உள்ளே மிஞ்சியது உறைந்து, ஊசியும் ரப்பரும் விலகி, பகலெல்லாம் ஒழுகும். ஒழுகினால் கூளம் ஈரமாகும். வடித்த பிறகு ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

வாளியையும் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். காலை 6.30க்கு ஒரு கெட்டில் கொதிநீர், ஒன்றரை லிட்டர், அதோடு நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீர். கலந்தால் 28 டிகிரி அளவில் இருக்கும். கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவு போதும். குழாயும் நிப்பிளும் பனியில் குளிர்ந்திருக்கும் என்பதால் முதல் தண்ணீர் நிப்பிளில் வேண்டாம். இரண்டு கருப்பு ரப்பர்த் தொட்டிகளில் ஊற்றி, கிழக்கு வெயில் முதலில் விழும் இடத்தில் வையுங்கள். ரப்பரில் ஐஸ் கட்டினாலும் கவிழ்த்து மிதித்தால் உதிரும். மணி வடிவப் பிளாஸ்டிக் குடுவை என்றால் விரிசல் விடும். பத்து மணிக்கு லைனை நிரப்புங்கள்.

ஜோஜோ தொட்டியிலிருந்து (வெளியே நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வரும் குழாயை ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். சுவரேறும் பகுதிக்கு நுரைக் கவசம் போட்டு அதன்மேல் நிழல்வலை சுற்றுங்கள். கோழி நுரையைக் கொத்தித் தின்னும்.

கரண்ட் போனால்? மேலே சொன்னதில் கரண்ட் கேட்பது விளக்கும் கெட்டிலும்தான். சார்ஜ் ஏறும் பல்பும் காஸ் அடுப்பும் போதும். தட்டு வாங்கியிருந்தால், பனி கடுமையாக விழும் ராத்திரியில் கரண்ட் போனதும் பணம் கொடுத்து வாங்கிய ஐஸ்தான் மிஞ்சும். அந்தத் தட்டுகளில் பல தகரக் குடுவைக்கானவை. பிளாஸ்டிக்கை வைத்தால் இளகும். காய்ந்த கூளத்தின் மேல் ஒயர் ஓடுவது வேறு ஆபத்து. டானிக்கோ தண்ணீரில்தான் கலக்க வேண்டும்; தண்ணீரே கிடைக்காத கோழிக்கு அதை விற்பவரிடம் இனி தீவனம் மட்டும் வாங்குங்கள். உப்புப் போடு என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கடல் அளவுக்கு, லிட்டருக்கு 35 கிராம் போட்டாலும் உறைநிலை இரண்டு டிகிரிதான் இறங்கும். அந்த உப்பு கோழியைக் கொன்றுவிடும். கார் ரேடியேட்டர் திரவம் விஷம். பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

தார்ப்பாயை இன்றைக்கே அவிழுங்கள். இறகு காய்ந்திருந்தால் பூஜ்ய டிகிரியைக் கோழி தாங்கும். மூச்சு ஈரமும் எச்சத்து அம்மோனியாவும் அடைபட்டால்தான் கொண்டை கருகும், சளி பிடிக்கும். தெற்கிலும் மேற்கிலும் மட்டும், கம்பில் உட்கார்ந்த கோழியின் தலைக்குமேல் ஒரு சாண் வரை மறையுங்கள். நம் குளிர்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வெயில் அடிக்கும் வடக்குப் பக்கமும், கூரை அடியும் திறந்தே இருக்கட்டும். காலையில் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் இன்னும் திறக்க வேண்டும்.

ஆடிக் கஞ்சி ஊற்றி முடித்தாலும் ஆகஸ்ட் கடைசி வரை பனி விழலாம். அதுவரை வடிப்பதை நிறுத்தாதீர்கள். முட்டை ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் 45ஐத் தாண்டாவிட்டால், பத்துக் கோழிகளை எடைபோட்டு, தீவன மூட்டையில் அச்சடித்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.